ஒரு மைக்ரோலிட்டரைச் சரியாகச் செலுத்துவது எப்படி? சிரிஞ்ச், பிப்பெட், ஆட்டோசாம்ப்ளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வேதியியல் படித்துவிட்டு ஆய்வக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் சில மாதங்களில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நம் மாவட்டத்தில் சோதனைக்கு வரும் பொருள்களும் அப்படித்தான்: கிராம்பு எண்ணெய், தேங்காய் எண்ணெய், தேன், மீன். இவற்றை அளக்கும் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், மாதிரி உள்ளே போகும் அந்த ஒரு நொடியில் தவறினால் பிறகு எதுவும் திருத்தாது. அந்த எண்ணை நம்பித்தான் ஒருவருடைய சரக்குக்கு விலை வைக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மைக்ரோலிட்டர் என்பது எவ்வளவு?

ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மி.மீ. உள்ள கனசதுரம். சொட்டுக்குழலில் இருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீரே சுமார் 50 மைக்ரோலிட்டர் இருக்கும்.

10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல தயாரிப்புகளில் அளவுக்கோடுகள் 60 மி.மீ. நீளத்துக்கு இருக்கும். அப்படியானால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 6 மி.மீ. கண்ணாடிக் குழலின் உள்விட்டம் அரை மி.மீ.கூட வராது. ஒரு சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 0.2 மைக்ரோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டர் எடுக்கும்போது பிளஞ்சர் (குழலுக்குள் ஓடும் தள்ளுகம்பி) அரைக் கோடு தள்ளி நின்றால் 10 சதவீதம் பிழை. கண்மட்டத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அரைக் கோடு சாதாரணமாகவே மாறித் தெரியும்.

ஏன் இவ்வளவு குறைவாகச் செலுத்த வேண்டும்? 5 மைக்ரோலிட்டர் போட்டால் சிக்னல் நன்றாக வருமே?

ஜி.சி. என்பது மாதிரியை ஆவியாக்கி, அதில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃபி கருவி. அதில் திரவம் உள்ளே போனதும் ஆவியாகிறது. 250 டிகிரி செல்சியஸில், சாதாரணக் காற்றழுத்தத்தில், ஒரு மைக்ரோலிட்டர் ஹெக்சேன் சுமார் 0.33 மி.லி. ஆவியாகும். மெத்தனால் என்றால் ஒரு மி.லி.க்குச் சற்று மேல். தண்ணீர் ஏறக்குறைய 2.4 மி.லி. இன்லெட்டின், அதாவது மாதிரி நுழையும் சூடான அறையின், உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் இது பாதியாகலாம். ஆனால் லைனர் என்ற அந்தக் கண்ணாடிக் குழாயின் கொள்ளளவே ஒரு மி.லி. அளவில்தான். 5 மைக்ரோலிட்டர் ஹெக்சேன் போட்டாலே லைனர் நிரம்பிவிடும் நிலை வரும். மெத்தனாலோ தண்ணீரோ என்றால் நிரம்பி வழிந்து, ஊசி குத்தி நுழையும் ரப்பர் மூடியான செப்டத்துக்கு அடியிலும் கேஸ் குழாயிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மாதிரியில் இல்லாத பொருளுக்கெல்லாம் பீக் (வரைபடத்தில் எழும் மேடு) வருவது அங்கிருந்துதான்.

சிக்னல் போதவில்லை என்றால் மாதிரியைச் செறிவாக்குங்கள், அல்லது ஸ்பிளிட் விகிதத்தை (ஆவியில் வெளியே விட்டுவிடும் பங்கை) குறையுங்கள். அளவைக் கூட்டுவது கடைசி வழி.

எந்த வேலைக்கு எந்தச் சிரிஞ்ச்?

ஜி.சி.யில் கையால் செலுத்த, 10 மைக்ரோலிட்டர், சாய்வாக வெட்டிய ஊசி முனை. செப்டத்தைக் குத்தி நுழைய அந்தச் சாய்வு வேண்டும். அரை மைக்ரோலிட்டர் போன்ற மிகச் சிறிய அளவுக்கு, பிளஞ்சர் கம்பி ஊசியின் நுனி வரை ஓடும் வகை நல்லது. அதில் ஊசிக்குள் எதுவும் தங்காது. வாயு மாதிரிக்கு பிளஞ்சர் நுனியில் டெஃப்லான் உள்ள வாயுக்கசிவில்லாத சிரிஞ்ச். மாதிரியைத் திரவ ஓட்டத்தில் அழுத்தி ஓட்டிப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் கை வால்வுக்கு முனை தட்டையாக வெட்டிய 22 கேஜ் ஊசி மட்டுமே. ஜி.சி. சிரிஞ்சை அங்கே நுழைத்தால் கூர்முனை வால்வுக்குள் இருக்கும் ரோட்டர் சீலைக் கீறிவிடும். கீறல் விழுந்த சீல் கசியும். கசிந்தால் செலுத்திய அளவு தெரியாது. இரண்டு சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் போடாமல் தனித்தனியாக வையுங்கள், பெரிய எழுத்தில் பெயரும் ஒட்டுங்கள்.

ஒரு மைக்ரோலிட்டர் என்று எடுத்தேன். உண்மையில் உள்ளே போனது எவ்வளவு?

நல்ல கேள்வி, பலர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வியும் இதுதான். வழக்கமான 10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சின் ஊசி 51 மி.மீ. நீளம், உள்துளை சுமார் 0.13 மி.மீ. கணக்குப் போட்டால் ஊசிக்குள் மட்டும் சுமார் 0.65 மைக்ரோலிட்டர் திரவம் நிற்கிறது. குழலில் ஒரு மைக்ரோலிட்டர் என்று பார்த்துச் செலுத்துகிறீர்கள். சூடான இன்லெட்டில் ஊசியும் சூடாகி, அதற்குள் நின்றதும் ஆவியாகி உள்ளே போய்விடுகிறது. ஆக, போனது 1.65 வரை இருக்கலாம். ஊசியை எவ்வளவு நேரம் உள்ளே வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து இது ஒவ்வொரு தடவையும் மாறும்.

இதற்கு ஒரு பழைய, நல்ல முறை உண்டு. முதலில் ஒரு மைக்ரோலிட்டர் சுத்தமான கரைப்பான் எடுங்கள். அடுத்து ஒரு மைக்ரோலிட்டர் காற்று. அப்புறம் மாதிரி. கடைசியாக மறுபடி கொஞ்சம் காற்றை இழுத்து, மாதிரி முழுவதும் கண்ணாடிக் குழலுக்குள் வந்து நிற்கும்படி செய்யுங்கள். இப்போது இரு பக்கமும் காற்று, நடுவில் மாதிரி. அதன் நீளத்தைக் கோடுகளில் எண்ணிவிடலாம். ஊசிக்குள் மாதிரி இல்லை. செலுத்தும்போது பின்னால் வரும் கரைப்பான் ஊசியில் ஒட்டியதையும் கழுவிக்கொண்டு போகும். கை பழகக் கொஞ்ச நாள் ஆகும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

குமிழி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஊசியை மாதிரிக்குள் வைத்துக்கொண்டே மெதுவாக இழுத்து, சட்டென்று தள்ளி, பல முறை செய்யுங்கள். குமிழி போன பிறகே அளவு எடுங்கள்.

தேங்காய் எண்ணெயில் கலப்படம் பார்க்கும்போது, அதே மாதிரிக்கு ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு முடிவு வருகிறது. ஏன்?

தேங்காய் எண்ணெயைக் கொழுப்பு அமில மெத்தில் எஸ்டர்களாக மாற்றித்தான் ஜி.சி.யில் போடுகிறோம். அதில் 8 கார்பன் உள்ள காப்ரிலிக் அமிலம் முதல் 18 கார்பன் உள்ள ஸ்டியரிக், ஓலியிக் வரை இருக்கின்றன. 8 கார்பன் எஸ்டர் சீக்கிரம் ஆவியாகும். 16, 18 கார்பன் எஸ்டர்கள் மெதுவாக ஆவியாகும். ஊசியை இன்லெட்டுக்குள் நுழைத்துவிட்டு நிதானமாகத் தள்ளினால், ஊசிக்குள்ளேயே கொதி தொடங்கிவிடும். லேசானவை முழுவதும் போய்விடும், கனமானவை ஒரு பங்கு ஊசிச் சுவரிலேயே ஒட்டித் திரும்பி வந்துவிடும். கணினி கொடுக்கும் சதவீதத்தில் லேசானவை கூடியும் கனமானவை குறைந்தும் தெரியும்.

இது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் 45.1 முதல் 53.2 சதவீதம் வரை இருக்க வேண்டும். பாமாயிலில் முக்கியமானது 16 கார்பன் உள்ள பால்மிட்டிக், ஏறக்குறைய 44 சதவீதம். பாமாயில் கலந்திருந்தால் பால்மிட்டிக்கும் ஓலியிக்கும் கூட வேண்டும், லாரிக் குறைய வேண்டும். ஊசியிலேயே கனமானவை தங்கிவிட்டால் கலப்பட எண்ணெய்கூட ஓரளவு நல்ல எண்ணெய்போலத் தெரியும். செக்கில் ஆட்டி நேர்மையாக விற்கிறவர் அந்தக் கலப்பட எண்ணெயோடு போட்டி போட வேண்டி வரும். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

செய்ய வேண்டியது: தயங்காமல், ஒரே வேகத்தில், சட்டென்று தள்ளி, சட்டென்று வெளியே எடுப்பது. மாதிரியைத் தானாகவே எடுத்துச் செலுத்தும் ஆட்டோசாம்ப்ளர் இதை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடும், கையால் அந்த வேகம் வராது. கையால்தான் செய்ய முடியும் என்றால், ஒவ்வொரு நாளும் அளவு தெரிந்த எஸ்டர் கலவையை முதலில் ஓட்டி, 8 கார்பனுக்கும் 18 கார்பனுக்கும் இடையே விகிதம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அன்று மாதிரியைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளியே திரவமாக இருந்த மாதிரி, ஏ.சி. 22-இல் ஓடும் அறைக்குள் வந்ததும் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும். மேலே திரவமாக நிற்பதை மட்டும் எடுத்தால் அது முழு எண்ணெயின் மாதிரி ஆகாது. வெந்நீரில் வைத்து முழுவதும் உருக்கி, கலக்கி, பிறகு எடுங்கள்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டு சேர்த்தால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீருமா?

பாதி தீரும். 17 கார்பன் எஸ்டர்போல மாதிரியில் இயல்பாக இல்லாத ஒன்றைத் தெரிந்த அளவில் சேர்த்து, அதோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், 0.9 போனதா 1.1 போனதா என்பது பொருட்டில்லை. இரண்டும் சேர்ந்தே கூடும், குறையும். ஆனால் லேசானதும் கனமானதும் வேறுவேறு அளவில் போனால் அதை இது சரிசெய்யாது. 17 கார்பனைக் கொண்டு 18-ஐக் காப்பாற்றலாம், 8-ஐ முடியாது.

கிராம்பு எண்ணெயை அப்படியே செலுத்தலாமா?

கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மாறாமலைப் பக்கத்துச் சரக்கின் எண்ணெயைச் சோதிக்க ஆர்வம் கூடியிருக்கிறது. எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். அதன் கொதிநிலை சுமார் 254 டிகிரி. நீர்க்கச் செய்யாமல் போட்டால் யூஜினால் பீக் பெருத்துச் சாய்ந்து, பக்கத்தில் வரும் இன்னொரு கூறான காரியோஃபிலீனோடு ஒட்டிக்கொள்ளும். ஹெக்சேனில் 100-க்கு 1 என்று நீர்க்கச் செய்து, ஸ்பிளிட் வைத்து, ஒரு மைக்ரோலிட்டர் போதும். நீர்க்கச் செய்யும்போது எண்ணெயைப் பிப்பெட்டால் அளப்பதைவிட நிறுத்து எடுப்பது நல்லது. பாகுத்தன்மையால் வரும் பிழை அதில் இல்லை.

முடிந்ததும் சிரிஞ்சைக் கழுவாமல் வைத்தால் மறுநாள் பிளஞ்சர் நகராது. வாசனையும் போகாது, அது போகாத வரை பீக்கும் வரும்.

எச்.பி.எல்.சி.யில் 20 மைக்ரோலிட்டர் லூப் (மாதிரி நிரம்பி நிற்கும் சிறு குழாய்) இருக்கிறது. 20 மைக்ரோலிட்டர்தானே செலுத்த வேண்டும்?

இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். குழாய்க்குள் திரவம் ஓடும்போது நடுவில் ஓடுவது சராசரி வேகத்தைப்போல் இரண்டு மடங்கு ஓடும், சுவரை ஒட்டியது தயங்கி நிற்கும். 20 மைக்ரோலிட்டர் தள்ளினால் ஒரு பங்கு நடுவழியாக வெளியேறி விரயக்குழாய்க்குப் போய்விடும், ஓரத்தில் பழைய கரைப்பான் மிச்சமிருக்கும். ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். லூப்பை முழுவதும் நிரப்புவதானால் 60 முதல் 100 மைக்ரோலிட்டர் வரை தள்ளுங்கள். அளவை லூப்பே பார்த்துக்கொள்ளும். குறைவாகச் செலுத்துவதானால் லூப்பில் பாதிக்கு மேல், அதாவது 10 மைக்ரோலிட்டருக்கு மேல் போகாதீர்கள். அப்போது அளவைச் சிரிஞ்ச் தீர்மானிக்கும். நடுவில் உள்ள 12, 15, 18 எல்லாம் வேண்டாம்.

மாதிரியை 0.45 அல்லது 0.22 மைக்ரான் வடிப்பானில் வடிக்காமல் எதையும் உள்ளே விடாதீர்கள்.

தேனை எப்படி அளப்பது? மைக்ரோபிப்பெட் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

மைக்ரோபிப்பெட் காற்றைக் கொண்டு இழுக்கிறது. ஜெர்மனியின் மார்பர்க்கில் 1957-இல் ஹைன்ரிச் ஷ்னிட்கர் உருவாக்கிய ஸ்பிரிங் பிஸ்டன் அமைப்பு இன்றும் அதே அடிப்படையில்தான் ஓடுகிறது. பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் இடையில் ஒரு காற்றுத் தூண். தண்ணீர் அதோடு சட்டென்று ஏறும், தேன் ஏறாது. பட்டனை விட்டதும் டிப்பில் (முனைக் குழலில்) பாதிதான் ஏறியிருக்கும், வெளியே எடுத்தால் காற்றுக் குமிழி.

தேனைக் கன அளவில் அளக்கவே வேண்டாம். தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலைப் பிப்பெட் செய்யுங்கள். நம்மூர் ரப்பர்த் தோட்டத்துத் தேன் சீக்கிரம் சீனிபோலக் கட்டுவது தெரிந்ததே. கட்டிய தேனை உருக்கிக் கலக்கித்தான் எடுக்க வேண்டும், ஆனால் 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சூடாக்காதீர்கள். சூட்டில் சர்க்கரையிலிருந்து உருவாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும், அது கூடியிருக்கிறதா என்று பார்க்கத்தானே மாதிரியே வந்திருக்கிறது.

பாகுபோன்ற எண்ணெய்களுக்குத் தலைகீழ் முறை உதவும்: பட்டனை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி இழுத்து, முதல் நிறுத்தம் வரை மட்டும் தள்ளி, டிப்பில் மிஞ்சியதை விட்டுவிடுவது. பிஸ்டன் திரவத்தையே தொடும் வகைப் பிப்பெட் கிடைத்தால் இன்னும் நல்லது.

சீனிக் கரைசல் ஓட்டிய பிறகு எச்.பி.எல்.சி. ஊசியை நேராக அசிட்டோநைட்ரைலால் கழுவாதீர்கள். சீனி அதில் கரையாது, ஊசிக்குள்ளேயே படியும். முதலில் தண்ணீர், அப்புறம் மற்றது.

பிப்பெட் சரியாக அளக்கிறதா என்று நாமே பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரைத் தராசில் வைத்த சின்னப் பாத்திரத்தில் பத்து முறை விட்டு, ஒவ்வொரு எடையையும் குறியுங்கள். இங்கேதான் ஒரு பொறி. 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் 1000 மி.கி. இருக்கும் என்று எண்ணாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், தண்ணீரின் அடர்த்தி குறைவு. காற்றின் மிதப்பும் சேர, தராசு சுமார் 994.6 மி.கி. காட்ட வேண்டும். அப்போதுதான் பிப்பெட் சரி. எடையை 1.0054-ஆல் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். 25 டிகிரி என்றால் 1.0040. இது தெரியாமல் 1000 வரும் வரை திருகைத் திருகினால், நன்றாக இருந்த பிப்பெட்டை அரை சதவீதம் கெடுத்துவிடுவீர்கள்.

ஐ.எஸ்.ஓ. 8655 தரப்படி 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் 8 மைக்ரோலிட்டர் வரை பிழை ஏற்கத்தக்கது. நான்கு தசம இடத் தராசில் 100 மைக்ரோலிட்டர் வரை ஓரளவு பார்க்கலாம். 10-க்குக் கீழே என்றால் மைக்ரோ தராசு உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கடலோரக் காற்றின் ஈரப்பதம் இதில் நமக்குச் சாதகம், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. ஆனால் நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் அந்தச் சாதகம் கிடையாது.

புது டிப் போட்டதும் மாதிரியை ஒன்றிரண்டு முறை இழுத்து விட்டு நனையுங்கள். டிப்பை 2, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் முக்காதீர்கள். பிப்பெட்டைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள்.

மீன் சாற்றில் ஹிஸ்டமின் பார்க்கிறோம். மாதிரி குளிர்பெட்டியிலிருந்து வருகிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா?

குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கும் சூரை, அயிலை, சாளை எல்லாமே ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகக்கூடிய மீன்கள். கோடெக்ஸ் பாதுகாப்பு வரம்பு கிலோவுக்கு 200 மி.கி. மீன் குளிரில் இருக்கட்டும், பிரித்தெடுத்து வடித்த சாற்றை மட்டும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிப்பெட் செய்யுங்கள். குளிர்ந்த சாறு டிப்புக்குள் ஏறினால் மேலே உள்ள காற்றுத் தூண் சுருங்கி, காட்டும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். உப்புச் சாறு பட்ட ஊசியை அன்றே தண்ணீரில் கழுவுங்கள். குளோரைடு எஃகு ஊசியையும் அரிக்கும்.

மணவாளக்குறிச்சி மணல் மாதிரிகளுக்கும் இந்தச் சிரிஞ்ச்தானா?

இல்லை. மோனசைட் போன்ற கனிமங்களை அமிலத்திலோ உருக்கிய காரத்திலோ கரைத்து, பிளாஸ்மாச் சூட்டில் தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. கருவியில் பெரிஸ்டால்டிக் பம்பால் (குழாயை அமுக்கித் திரவத்தை நகர்த்தும் பம்பால்) நிமிடத்துக்கு ஒரு மி.லி. அளவில் ஊட்டுவார்கள். தெளிப்பறையில் பெரும்பகுதி வடிந்துபோய், சில சதவீதமே பிளாஸ்மாவை அடையும். பம்புக் குழாய் தளர்ந்தால் சிக்னல் ஊசலாடும், அதை அடிக்கடி மாற்றுங்கள்.

பிளஞ்சர் வளைந்துவிட்டது. பழைய சிரிஞ்சின் பிளஞ்சரைப் போடலாமா?

கூடாது. உலோகப் பிளஞ்சர் வகையில் ஒவ்வொன்றும் அதனதன் குழலுக்கே பொருத்தி உரசியது. வேறு பிளஞ்சர் போட்டால் இறுகும், அல்லது கசியும். வளைந்ததை நிமிர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது. உலர்ந்த நிலையில் பிளஞ்சரை மேலும் கீழும் ஆட்டுவதுதான் இது சீக்கிரம் தேய முக்கியக் காரணம். கழுவ அசிட்டோனோ மெத்தனாலோ இழுத்து விட்டால் போதும். ஊசி பசையால் ஒட்டிய சிரிஞ்சைக் கரைப்பானில் ஊறப்போடவும் வேண்டாம், சூட்டடுப்பில் வைக்கவும் வேண்டாம், பசை இளகிவிடும்.

ஆட்டோசாம்ப்ளர் ஓடும்போது கரண்ட் போனால்?

யு.பி.எஸ். இல்லாமல் ஆட்டோசாம்ப்ளர் வைக்காதீர்கள். போய்விட்டது என்றால், கரண்ட் வந்ததும் முதலில் ஊசி எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். இன்லெட்டுக்குள்ளேயோ குப்பிக்குள்ளேயோ நிற்கும்போது தட்டு சுழன்றால் ஊசி வளையும். கையேட்டில் சொன்னபடி ஊசியை மேலே ஏற்றிய பிறகே தொடங்குங்கள். பாதியில் நின்ற மாதிரியின் முடிவை எடுக்காதீர்கள். குத்தித் துளைபட்ட மூடியுள்ள குப்பியில் ஹெக்சேன் ஆவியாகி மாதிரி செறிவாகிக்கொண்டிருக்கும். குப்பியை மாற்றிப் புதிதாக ஊற்றி ஓட்டுங்கள்.

நாங்கள் கிராம்பு பயிரிடுகிறோம். எண்ணெய் மாதிரியை எதில் அனுப்புவது?

பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் உள்மூடி போட்டு, மேலே அதிகக் காற்று விடாமல் நிரப்பி அனுப்புங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், யூஜினால் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கரைந்தது மாதிரியோடு ஊசிக்குள் வரும். 5 மி.லி. இருந்தால் தாராளம். காய்ச்சிய தேதி, மொட்டா காம்பா இலையா, எந்தத் தோட்டம் என்பதைக் குப்பியிலேயே எழுதுங்கள். தண்ணீர் தங்கியிருந்தால் அனுப்புமுன் பிரித்துவிடுங்கள். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மேலேதான் நிற்கும், அங்கே பாருங்கள்.